மழை நாளில் செவன் சிஸ்டர்ஸ்: குளிர்காலக் கடலோர நடைக்கு முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த நம் ஆட்களில் பலர் அன்றோடு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். மார்ச் கடைசியில் மறுபடி கடிகாரம் மாறும்போதுதான் வெளியே தலைகாட்டுகிறார்கள். நடுவில் முழுதாக ஐந்து மாதம். வேலை, வகுப்பு, அறை, போன் என்று அது கழிந்துவிடும். நானும் முதல் இரண்டு குளிர்காலத்தை அப்படித்தான் கழித்தேன். இப்போது நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. லண்டனிலிருந்து ரயிலும் பஸ்ஸும் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், இந்தத் தீவின் மிக அழகான கடலோரங்களில் ஒன்றில் போய் நிற்கலாம். மழை நாளில் அங்கே கூட்டமும் இருக்காது.

சஸெக்ஸ் கடற்கரையில் வெள்ளைச் சுண்ணப்பாறை மலைகள் ஏழு, தோளோடு தோள் சேர்ந்து கடலைப் பார்த்து நிற்கின்றன. செவன் சிஸ்டர்ஸ் என்பது அவற்றின் பெயர். சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை முழுதாக நடந்தால் 21, 22 கிலோமீட்டர் வரும். அது நீண்ட பகல் உள்ள மே மாதத்துக்கான நடை. குளிர்காலத்தில் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அதன் நடுத்துண்டு மட்டும்: எக்ஸீட் என்ற இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, குக்மியர் ஆற்றோரமாகக் கடல் வரை போய், ஏழு மலைகளையும் ஏறி இறங்கி, மலைகள் முடியும் இடமான பர்லிங் கேப்பைத் தொட்டு, ஈஸ்ட் டீன் கிராமத்தில் மறுபடி பஸ் ஏறுவது. சுமார் 9 கிலோமீட்டர். நல்ல நாளில் இரண்டரை மணி நேரம், மழை நாளில் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

மழை என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் திட்டத்தைக் கைவிட வேண்டாம். சென்னையில் ஒரு வருடத்தில் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் 600 சொச்சம்தான். ஐப்பசி அடைமழையில் பள்ளிக்கூடம் போய்வந்தவர்களுக்கு இது பெரிய மழையே இல்லை. ஆனால் நனைக்கிற விதம் வேறு. ஊர் மழை நேராகக் கொட்டும், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும், வெயில் வந்து காயவைத்துவிடும். இங்கே தூறல் காலையிலிருந்து சாயங்காலம் வரை விடாது. கடலோரத்தில் அது காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் சாரலாக அடிக்கும். வெளியே ஏழெட்டு டிகிரிதான் இருக்கும். ஈரத்துணியும் காற்றும் சேர்ந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

அதனால் மழையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் காற்று, அடுத்து வெளிச்சம்.

இந்நாட்டு வானிலை நிலையமான மெட் ஆஃபீஸின் செயலியில் சீஃபோர்டு அல்லது ஈஸ்ட்போர்ன் என்று தேடினால் மணிக்கு மணி காற்றின் வேகம் தெரியும். சராசரி வேகம் ஒரு எண், திடீரென்று வீசும் வேகம் இன்னொரு எண். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் மலை விளிம்பில் ஆளைத் தள்ளுவது அதுதான். நான் வைத்திருக்கும் கணக்கு இது. அந்த எண் மணிக்கு 30 மைலுக்குக் கீழே இருந்தால் போவேன். 30-க்கு மேல் இருந்தால் மலை ஏறாமல் பள்ளத்தாக்கில் மட்டும் நடப்பேன். 40-ஐத் தாண்டினால் வேறு நாள் பார்ப்பேன். மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று காற்று எச்சரிக்கை எது வந்திருந்தாலும் மலைமேல் போக வேண்டாம்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இந்தக் கடலோரத்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வரும். நாம் மேற்கே எக்ஸீட்டில் தொடங்கிக் கிழக்கே போவதற்கு அதுதான் காரணம்: சாரல் முதுகில் அடிக்கும், முகம் காய்ந்திருக்கும், ஏற்றத்தில் காற்றே நம்மைக் கொஞ்சம் தள்ளிக்கொடுக்கும். இதே பாதையை எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்தால் மூன்று மணி நேரமும் மழை கண்ணுக்குள் குத்தும். ஒருமுறை நண்பர்களோடு தெரியாமல் அப்படி நடந்தேன். மூன்றாவது மலையில் யாரும் யாரோடும் பேசவில்லை. நல்ல நடை அப்படி இருக்கக் கூடாது. வடக்கிலிருந்து பலமாக வீசினால் இன்னும் எச்சரிக்கை தேவை, அது நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளும்.

அடுத்து வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இங்கே காலை எட்டு மணிக்குச் சூரியன் உதிக்கிறது, மாலை நான்கு மணிக்கு மறைந்துவிடுகிறது. மேகமூட்டமான நாளில் மூன்றரைக்கே மங்கிவிடும். ஆகவே காலை பத்தரைக்குள் எக்ஸீட்டில் நடக்கத் தொடங்கிவிடுங்கள். ஏதோ காரணத்தால் பன்னிரண்டரைக்கு மேல் ஆகிவிட்டதென்றால் மலையை விட்டுவிட்டு ஆற்றோரம் கடல் வரை போய்த் திரும்புங்கள். அதுவும் அழகான நடைதான், போகவர ஐந்து கிலோமீட்டர், ஏற்றமே கிடையாது.

உடுப்பு

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பருத்தித் துணி வேண்டாம். ஊரில் பருத்தியைப் போல நல்ல துணி இல்லை, இங்கே மழைக்குளிரில் அதைப் போல ஆபத்தான துணி இல்லை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயவே காயாது. ஜீன்ஸ் அதைவிட மோசம். நான் முதல்முறை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். நனைந்த ஜீன்ஸ் தொடையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் ஏற்றத்திலும் காலை இழுத்துப் பிடித்தது. அன்று ரயிலில் உட்கார்ந்த பிறகும் முழங்கால் நடுக்கம் அரைமணி நேரம் நிற்கவில்லை.

மூன்று அடுக்கு போதும். உடம்பை ஒட்டி, வியர்வையை வெளியே விடும் மெல்லிய பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளிச் சட்டை. அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத ஜாக்கெட், தலைமூடியோடு. ஜாக்கெட் வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். தையல் மேல் நாடா ஒட்டியிருந்தால்தான் தண்ணீர் நிற்கும், இல்லையென்றால் ஊசித்துளை வழியாகவே உள்ளே வரும். காலுக்கு ஓட்டப்பயிற்சிக்குப் போடும் கால்சட்டை, அதன்மேல் நீர் புகாத மேல்கால்சட்டை. இதையெல்லாம் விலை உயர்ந்த கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. டெக்கத்லானில் குறைந்த விலையில் கிடைக்கும். ஃபிளீஸும் கம்பளி ஸ்வெட்டரும் ஊருக்கு ஊர் இருக்கும் சாரிட்டி கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும்.

குடை கொண்டுபோக வேண்டாம். மலைமேல் அது திரும்பிக்கொள்ளும், பிடித்திருக்கும் ஆளையும் இழுக்கும். கண்ணாடி போட்டிருப்பவர்கள் ஜாக்கெட் தலைமூடிக்கு உள்ளே முன்விளிம்பு வைத்த தொப்பி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடியில் மழைத்துளி விழாமல் அந்த விளிம்பு காக்கும். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று எப்படியும் நனைந்துவிடும். காதை மூடும் கம்பளிக் குல்லா ஒன்று. மாற்று சாக்ஸ் ஒரு ஜோடியை பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். முதுகுப்பைக்குள் ஒரு தடித்த குப்பைப் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்தால் ஒன்றும் நனையாது.

ஷூ விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளம் வெட்டிய, கணுக்காலைப் பிடிக்கும் நடை பூட்ஸ்தான் சரி. நனைந்த சுண்ணப்பாறை சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். தேய்ந்த ஸ்னீக்கர்ஸ் போட்டு அதில் இறங்குவது பாசி பிடித்த குளத்துப் படியில் ஓடுவதற்குச் சமம். பூட்ஸைப் புதிதாக வாங்கியிருந்தால் இரண்டு வாரம் கடைக்கும் வேலைக்கும் போட்டுப் பழக்குங்கள்.

சாப்பாடும் மற்ற பொருட்களும்

பர்லிங் கேப்பில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை நடத்தும் சிற்றுண்டிக் கடையை நம்பி வெறும் கையோடு போகாதீர்கள். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவார்கள். அங்கே நிலமே கடலுக்குள் போய்க்கொண்டிருப்பதால் கட்டட ஏற்பாடுகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

நான் கொண்டுபோவது பிளாஸ்கில் சூடான மிளகு ரசம். நனைந்த மலைமேல், விறைத்த விரல்களால் மூடியைத் திறந்து முதல் வாய் ரசம் குடிக்கும்போது அது உள்ளே இறங்குவது தெரியும். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், புளியோதரை வேண்டாம் என்பேன். குளிரில் கையுறையைக் கழற்றிப் பிசைந்து சாப்பிட முடியாது, கையும் கழுவ இடமில்லை. பொடி தடவிய இட்லி, உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, இப்படி ஒரு கையால் எடுத்துக் கடிக்கிற மாதிரி இருக்கட்டும். ஜாக்கெட் பையில் கடலை மிட்டாய் நான்கைந்து போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு லிட்டர். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் ஏற்றத்தில் வியர்க்கும்.

போனை முழுதாகச் சார்ஜ் செய்து உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள், குளிர் பட்டால் பேட்டரி வேகமாக இறங்கும். ஒரு பவர் பேங்க், ஒரு சின்ன டார்ச். ஈரத்திரை விரலுக்குக் கட்டுப்படாது என்பதால் காகித வரைபடம் இருந்தால் நல்லது: ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 25. அப்புறம், இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை. ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, அவசர உதவி எண்ணான 999-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, வருகிற பதிலில் சொன்னபடி செய்துவிடுங்கள். சிக்னல் குறைந்து பேச முடியாத இடத்திலும் அதன்பிறகு எஸ்.எம்.எஸ். மூலமாகவே உதவி கேட்கலாம்.

போய்ச் சேர்வது

லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸ் போய், அங்கே சீஃபோர்டு ரயிலுக்கு மாறலாம். அல்லது பிரைட்டன் வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் ஏறலாம். இரண்டு வழியிலும் கடைசியில் ஏற வேண்டியது 12 என்ற எண்ணில் தொடங்கும் பஸ். பிரைட்டன், சீஃபோர்டு, எக்ஸீட், ஈஸ்ட் டீன், ஈஸ்ட்போர்ன் என்று கடலோரமாகவே ஓடும். பகலில் அடிக்கடி வரும், வங்கி அட்டையைத் தொட்டால் போதும். செவன் சிஸ்டர்ஸ் பார்க் சென்டர் என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள்.

மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் ரயிலில் குரூப்சேவ் என்று கேளுங்கள், நெரிசல் இல்லாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மாணவர்களுக்கு 16–25 ரயில்கார்டிலும் அதே தள்ளுபடி உண்டு. சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகிவிடும். முந்தின நாள் இரவே நேஷனல் ரயில் தளத்தில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் குளிர்காலத்தில் அந்த ஒரு மணி நேரம் நடையையே மாற்றிவிடும்.

நடை

எக்ஸீட்டில் கழிப்பறை இருக்கிறது, போய்விட்டு வாருங்கள். அடுத்தது பர்லிங் கேப்பில்தான். மேல்கால்சட்டையை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். மழை பிடித்த பிறகு சேற்றில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போடுவது கஷ்டம்.

சாலையைக் கவனமாகக் கடந்து மறுபுறக் கதவு வழியாக உள்ளே போனால் குக்மியர் பள்ளத்தாக்கு விரியும். ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கிடப்பது தெரியும். உண்மையில் அந்த வளைவுகளில் இப்போது ஆறு ஓடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நேராக ஒரு கால்வாய் வெட்டித் தண்ணீரை அந்த வழியே திருப்பிவிட்டார்கள். வளைவுகளில் நீர் அசையாமல் நிற்கிறது, மழைத்துளி விழுவதை அதில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளிர்காலத்தில் இங்கே வாத்துக் கூட்டங்களும் சின்னக் கொக்குகளும் இருக்கும்.

கடல் வரை இரண்டரை கிலோமீட்டர். சமதளப் பாதையும் உண்டு, மலைச்சரிவோடு போகும் பாதையும் உண்டு. சவுத் டவுன்ஸ் வே என்ற, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் போகும் நெடும்பாதையின் ஒரு பகுதிதான் நாம் நடக்கப்போவது. அதன் அடையாளம் ஓக் மரத்தின் கொட்டை. கம்பங்களில் அந்தக் கொட்டைப் படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. பல நாள் மழைக்குப் பிறகு பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் தண்ணீர் கட்டியிருக்கும், அப்போது சரிவுப் பாதையைப் பிடியுங்கள். வழியில் கதவுகள் வரும். ஆடுகள் மேய்கிற இடம் என்பதால் திறந்த கதவை மூடிவிட்டுப் போவது நம் பொறுப்பு.

ஆறு கடலில் சேரும் இடம் குக்மியர் ஹேவன். கூழாங்கல் கரை. இரண்டாம் உலகப்போரில் கட்டிய கான்கிரீட் காவல் அறைகள் இன்னும் அங்கே நிற்கின்றன. படங்களில் நாம் பார்த்த காட்சி, பழைய கடலோரக் காவலர் வீடுகள் முன்னால், வெள்ளை மலைகள் பின்னால், ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து எடுத்தது. அதற்காக ஆற்றைக் கடக்க நினைக்காதீர்கள். முகத்துவாரத்தில் பாலமே கிடையாது, ஆழமில்லாத மாதிரித் தெரிந்தாலும் இழுப்பு பலமானது. அந்தக் காட்சி வேண்டுமானால் இன்னொரு நாள் எக்ஸீட் பாலத்திலிருந்து மேற்குக் கரையோரமாக நடந்து போங்கள்.

இங்கே நின்று கிழக்கே பார்த்தால் மலைகளின் அடிவாரத்தில் கரை நீண்டு போவது தெரியும். கடலோரமாகவே பர்லிங் கேப் வரை போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். நம் சோழமண்டலக் கரையில் கடல் மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான், அதனால் நமக்கு அந்த பயமே பழக்கத்தில் இல்லை. இங்கே பெரிய ஓதங்களின்போது ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும். நீங்கள் பாதி வழியில் இருக்கும்போது முன்னாலும் பின்னாலும் கரை மறைந்துவிடும், மேலே ஏற வழியே இல்லாத செங்குத்துச் சுவர் பக்கத்தில் நிற்கும். அந்தச் சுவரிலிருந்து பாறையும் விழும்.

இனி ஏற்றம். முதல் மலை ஹேவன் ப்ரோ, 77 மீட்டர், ஏழிலும் உயரமானது. மூச்சு வாங்கும், மெதுவாக ஏறுங்கள். ஜாக்கெட்டின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஏறினால் உள்ளே வியர்வையில் நனையமாட்டீர்கள். மேலே போனதும் மூடிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து ஷார்ட் ப்ரோ, ரஃப் ப்ரோ, பிராஸ் பாயிண்ட், ஃபிளாக்ஸ்டாஃப் பாயிண்ட், பெய்லிஸ் ஹில், வென்ட் ஹில். நடுவில் ஒரு சின்ன மேடு வரும், எண்ணிக்கொண்டே போனால் எட்டு என்று தோன்றும், குழம்ப வேண்டாம்.

இரண்டு மலைகளுக்கு நடுவே ஒவ்வொரு முறையும் ஒரு பள்ளம். ஓடை ஒன்றும் இருக்காது. பனியூழிக் காலத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது, பாறைக்குள் இறங்க முடியாமல் மேலே ஓடிய நீர் வெட்டிய பள்ளத்தாக்குகள் அவை. இப்போது எவ்வளவு மழை பெய்தாலும் சுண்ணப்பாறை குடித்துவிடுகிறது. மழை நாளில் இந்தப் பாதையை நான் சிபாரிசு செய்வதற்கு அது ஒரு காரணம்: பள்ளத்தாக்கில்தான் சேறு, மலைமேல் ஆடு மேய்ந்த குட்டைப் புல் பாய் விரித்தாற்போல இருக்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். வெறும் வெள்ளைப்பாறை தெரியும் தடத்தை விட்டு, பக்கத்தில் புல்மேல் கால் வைத்து, சின்னச் சின்ன அடியாக, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடி குறுக்காக இறங்குங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நின்று கீழே கடலைப் பாருங்கள், விளிம்புக்குப் போகாமல். மழை நாளில் அது நீலமாக இருக்காது. அலை அரித்தெடுத்த சுண்ணம் கலந்து, கரையோரம் முழுக்க அரிசி களைந்த கழுநீர் நிறத்தில் இருக்கும். சுமார் எட்டு முதல் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள்தான் இந்த மலை. அது மறுபடி கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. வெள்ளைச் சுவரில் கறுப்பு வரி வரியாகத் தெரிபவை சிக்கிமுக்கிக் கற்கள். வெயில் நாளில் வெள்ளை கண்ணைக் கூசும், இந்த வரிகள் சரியாகத் தெரியாது. மேகம் மூடிய நாளில்தான் மலை தன் உண்மையான நிறத்தோடு நிற்கிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போனது ஒரு ஜனவரி மாதத்து மழையில்தான்.

விளிம்பு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே வேலி கிடையாது. புல்தரை அப்படியே போய் முடிந்துவிடும். முடிகிற இடத்துக்குக் கீழே பாறை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. அடியில் அலை குடைந்த பிறகு புல்லும் மண்ணும் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சராசரியாகப் பார்த்தால் இந்தக் கரை வருடத்துக்கு 30, 40 சென்டிமீட்டர் பின்வாங்குகிறது. ஆனால் அது வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதில்லை. பல வருடம் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நொடியில் பல மீட்டர் விழும். அப்படி விழுவது குளிர்காலத்தில் அதிகம்: மழைநீர் விரிசலில் இறங்கும், உறைந்தால் விரியும், புயல் அலை அடியை அரிக்கும். 2014 தொடக்கத்துப் புயல்களில், ஏழு வருடத்தில் போக வேண்டிய நிலம் இரண்டே மாதத்தில் போனது என்று பர்லிங் கேப்பைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் சொன்னது.

எனவே விளிம்பிலிருந்து பத்து அடி எடுத்து வைக்கும் தூரமாவது எப்போதும் இருக்கட்டும், காற்று நாளில் இருபது. விளிம்புக்கு இணையாகப் புல்லில் விரிசல் தெரிந்தால் அதைத் தாண்டவே வேண்டாம். போட்டோ எடுக்கும்போது பின்னால் நடக்காதீர்கள், யாரையும் பின்னால் போகச் சொல்லாதீர்கள். மற்றவர்கள் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதைப் பார்ப்பீர்கள். அவர்கள் உட்கார்ந்ததால் அந்த இடம் பத்திரமானது ஆகிவிடாது. குழந்தைகள் வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி இறங்கிப் பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை என்றால், கடல் சத்தம் எப்போதும் வலப்பக்கம் வருகிற மாதிரி, நிலத்தின் உள்பக்கமாக விலகி நடங்கள். கூட வருகிறவர் விடாமல் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது என்றால் உடம்புச் சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். காற்று படாத பள்ளத்தில் உட்காரவைத்து, ஈரத்துணியை மாற்றி, குல்லா போட்டு, சூடாகவும் இனிப்பாகவும் ஏதாவது கொடுங்கள். ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து கோஸ்ட்கார்டு வேண்டும் என்று சொல்லுங்கள். கடலோர விபத்துகளுக்கு அவர்கள்தான் வருவார்கள், இந்த உதவிக்குப் பணம் கேட்கமாட்டார்கள். விசா நிலையை நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

முடிவும் வீடு திரும்புதலும்

கடைசி மலையிலிருந்து இறங்கினால் பர்லிங் கேப். கழிப்பறை இருக்கிறது, காற்றுக்கு ஒதுங்கவும் இடம் இருக்கும். வரிசையாகக் கட்டிய பழைய கடலோரக் காவலர் வீடுகளில் சில ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டன, மீதியின் பக்கத்தில் கடல் நிற்கிறது. கரைக்கு இறங்கும் படிக்கட்டு மூடியிருக்கிறது என்று பலகை இருந்தால் தடுப்பைத் தாண்டாதீர்கள்.

இங்கே மணியைப் பாருங்கள். கிழக்கே குன்றின்மேல் தெரிவது பெல் டூ கலங்கரை விளக்கம். விளிம்பு நெருங்கிவிட்டதால் 1999-ஆம் ஆண்டு அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அதைத் தாண்டினால் பீச்சி ஹெட், 162 மீட்டர், இந்த நாட்டின் உயரமான சுண்ணப்பாறைக் கடல்முகடு. மணி ஒன்றரைதான் ஆகிறது, காலில் தெம்பு இருக்கிறது என்றாலும் முதல்முறை அதைத் தொட வேண்டாம். ஈஸ்ட்போர்ன் வரை இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசி இறக்கம் இருட்டில் வந்துவிடும்.

பர்லிங் கேப்பிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பி, வென்ட் ஹில்லின் பின்சரிவு வழியாகப் போனால் ஈஸ்ட் டீன். மலை மறைத்துவிடுவதால் காற்றின் சத்தம் சட்டென்று நின்றுபோகும், காது அடைத்த மாதிரி இருக்கும். கிராமத்து நடுப்புல்வெளியை ஒட்டி டைகர் இன் என்ற பழைய விடுதி. மது குடிக்காதவர்களும் தயங்காமல் உள்ளே போகலாம், டீ கேட்டால் கொடுப்பார்கள், சேற்று பூட்ஸை மட்டும் வாசலில் நன்றாகத் தட்டிவிட்டுப் போங்கள். அங்கிருந்து மெயின் ரோடு கொஞ்ச தூரம்தான், 12-ஆம் எண் பஸ் அங்கே நிற்கும். சாலையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டிலும் நிறுத்தம் உண்டு. ஈஸ்ட்போர்ன் பஸ்ஸைப் பிடித்தால் அங்கிருந்து விக்டோரியாவுக்கு நேர் ரயில் இருக்கிறது, மாற வேண்டியதில்லை. பஸ் வருவது தெரிந்ததும் கையை நீட்டுங்கள், இருட்டில் கறுப்பு ஜாக்கெட் போட்டவரை ஓட்டுநர் பார்க்காமல் போய்விடக்கூடும், டார்ச்சைத் தரையை நோக்கி எரியவிடுங்கள்.

ரயிலில் ஏறியதும் காய்ந்த சாக்ஸை மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸில் ஒட்டிய வெள்ளைச் சேற்றை அன்றே தண்ணீரில் கழுவிவிடுங்கள், காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டு தோலை வெடிக்கவைக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ரேடியேட்டர் மேல் வைக்காமல் தள்ளி வையுங்கள். ஜாக்கெட்டைச் சாதாரணச் சலவைத்தூளில் துவைக்காதீர்கள், நீர் விலக்கும் தன்மை போய்விடும். தண்ணீரில் அலசிக் கொடியில் தொங்கவிட்டால் போதும், அடுத்த சனிக்கிழமைக்குள் காய்ந்திருக்கும்.